முதியோர் பராமரிப்பு: வழியும் செலவும்

(கார்டன் ரீச்சில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் படிப்பு என்று பேசியே பழகிவிட்டோம். இன்று நம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு விஷயத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வயதான தாய் தகப்பனை யார் பார்ப்பது, எங்கே வைத்துப் பார்ப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

இது குடும்ப விவகாரம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வழி செய்ய வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவே அரசுக்குச் சொல்கிறது. சட்டத்தில் இடம் பெற்ற ஒரு விஷயம் வீட்டுக் கதவுக்குள் அடங்கிவிடாது. அடக்கி வைத்தால் அந்தச் சுமை முழுவதும் யார் தலையில் இறங்குகிறது? வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தலையில். மருமகளோ மகளோ தன் வேலையை விட்டு, தூக்கத்தை விட்டு, கூலியில்லாமல் பார்க்கிறாள். அவள் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. பி.என்.ஆர். கம்பெனி காலத்திலிருந்தே தென்னாட்டார் இந்த ரயில்வேக்கு வேலைக்கு வந்தார்கள். 1955 ஆகஸ்டில் தென்கிழக்கு ரயில்வே தனியாகப் பிரிந்து இதே கார்டன் ரீச்சில் தலைமை அலுவலகம் கொண்டது. துறைமுகத்துக்கும், கப்பல் கட்டும் தளத்துக்கும், மில்லுக்கும் வந்தவர்களும் உண்டு. ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய்விடலாம் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். சிலர் போனார்கள். பலர் போகவில்லை. பிள்ளைகள் இங்கே, பேரன் பேத்தி இங்கே, ஊரில் வீடு இடிந்து கிடக்கிறது. இன்னொரு பக்கம், தாய் தகப்பன் ஊரில் தனியாக இருக்க, நாம் இங்கே மணியார்டர் காலத்திலிருந்து இன்றைய போன் வழிப் பணம் வரை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். இரண்டு வகைக் குடும்பமும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பணம்: முதலில் நமக்கு வரவேண்டியது

பராமரிப்புக்கு வழி தேடுமுன் கைக்கு வரவேண்டிய பணம் முழுதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் காகிதம் பார்த்தே வயது போனவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறோம்: உரிமை இருந்தும் காகிதம் சரியில்லாததால் பணத்தை இழக்கும் வீடுகள் ஏராளம்.

ரயில்வேயில் பென்ஷன் 1957-ல் வந்தது. பென்ஷன் என்பது எஜமானன் போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளைக் கொண்டாடுவது அதனால்தான்.

2004 ஜனவரி 1-க்கு முன் வேலைக்குச் சேர்ந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்பது. ஆதாரில் ஓர் எழுத்து, ஆணையில் வேறு எழுத்து என்றால், கணவர் கண் மூடிய பிறகு அந்த அம்மாள் அலைய வேண்டியிருக்கும். கணவர் இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, குடும்பப் பென்ஷன் கணக்கு. கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் பென்ஷன் 20,000. கணவர் காலமானால் மனைவிக்குச் சாதாரண விகிதம் 30 சதவீதம், அதாவது 12,000. ரிட்டயர் ஆன பிறகு இறந்திருந்தால் முதல் 7 ஆண்டுகளுக்கு, அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய தேதி வரைக்கும், இதில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. இவற்றோடு பஞ்சப்படியும் சேரும். மனைவியும் இல்லை என்றால், உடல் ஊனமுற்ற பிள்ளைக்கும், விதவை மகளுக்கும், மணமாகாத மகளுக்கும் சில நிபந்தனைகளோடு இந்தப் பென்ஷன் போகும். இது தெரியாமலே விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு.

மூன்று, வயது ஏறினால் பென்ஷனும் ஏறும். 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் முழு மடங்கு கூடுதல். குடும்பப் பென்ஷனுக்கும் இது பொருந்தும். வயதுச் சான்று ஆணையில் இல்லாவிட்டால் பாங்கு தானாகப் போடாது. கம்யூட் செய்த தொகையும் 15 ஆண்டு கழிந்தால் திரும்பிவர வேண்டும். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

நான்கு, வைத்தியம். ஓய்வு பெற்றோருக்கான மருத்துவத் திட்டத்தில் ஒருமுறை சந்தா கட்டியிருந்தால் கணவன் மனைவி இருவருக்கும் ரயில்வே மருத்துவமனை உண்டு. இங்கே கார்டன் ரீச்சிலேயே தென்கிழக்கு ரயில்வேயின் மத்திய மருத்துவமனை இருக்கிறது. மருத்துவ அட்டையில் மனைவியின் பெயர் இருக்கட்டும். ஆயுள் சான்று நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு பாங்குக்குப் போகவேண்டிய காலம் போய்விட்டது. செல்போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் சான்று எடுக்கலாம். ஆனால் போனில் யாரோ கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். சான்று புதுப்பிக்கிறோம் என்று சொல்லியே திருடுகிறார்கள்.

2004-க்குப் பிறகு வந்த தம்பிகளுக்குப் பழைய பென்ஷன் இல்லை. புதிய பென்ஷன் திட்டம்தான். போராட்டத்தின் அழுத்தத்தால் 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் வந்தது. 25 ஆண்டு சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்பது அதன் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே யாரும் முடிவெடுக்க வேண்டும்.

மில்லிலும் தனியார் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களின் நிலைமை கொடுமை. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். 2025 முடியும்போதும் அதே 1,000 ரூபாய்தான். இதில் யார் அரிசி வாங்குவது, யார் மருந்து வாங்குவது? ஆனாலும் இவர்களில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ.-யில் குறைந்தது 5 ஆண்டு இருந்து வயது முடிந்து ரிட்டயர் ஆனவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவிக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய்! பழைய ஈ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுங்கள்.

கான்ட்ராக்ட் வேலை, வீட்டு வேலை, தட்டுவண்டிக் கடை என்று ஓடியவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களுக்கு அரசு முதியோர் பென்ஷன்தான் கதி. 1995-ல் மத்திய அரசு 75 ரூபாயில் தொடங்கியது. பிறகு 200 ஆக்கியது. 80 வயதுக்கு மேல் 500. மத்திய அரசின் அந்த 200 ரூபாய் 2025 வரை நகரவில்லை. மாநிலங்கள் தம் பங்கைப் போட்டுத்தான் தொகை கூடியது. மேற்கு வங்கம் 2020 ஏப்ரலில் ஜெய் பங்களா என்ற பெயரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-லேயே வந்துவிட்டது. 2023-ல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். பெரியவர் எங்கே நிரந்தரமாக இருக்கப் போகிறார் என்று முதலில் தீர்மானித்து அங்கே எழுதிக் கொடுங்கள். ஓட்டர் கார்டு ஊரில், ரேஷன் கார்டு இங்கே, ஆதாரில் வேறு முகவரி என்றிருந்தால் இரண்டு ஊரிலும் துரத்திவிடுவார்கள்.

40 வயதுக்குள் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வருமான வரி கட்டாதவர் என்றால் பாங்கிலோ தபால் நிலையத்திலோ அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வேண்டுமானால், 18 வயதில் சேர்ந்தவர் கட்டுவது மாதம் 210. 30 வயதில் சேர்ந்தால் 577. 40 வயதில் சேர்ந்தால் 1,454. தள்ளிப்போட்டதன் விலை என்ன என்பதை இந்த மூன்று எண்களே சொல்லும்.

ரிட்டயர் ஆகும்போது வரும் கிராஜுவிட்டியை என்ன செய்வது? தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பில் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் வட்டி 8.2 சதவீதம், 5 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய். ஆயாவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதில் வரும். அதிக வட்டி என்று ஆசை காட்டும் இடத்தில் முதுமைப் பணத்தைப் போடாதீர்கள். 2013 ஏப்ரலில் சாரதா கம்பெனி கவிழ்ந்தபோது இந்த வங்காளத்தில் அழுதவர்களில் எத்தனை பேர் ஏழைகள் என்பதை நாம் பார்த்தோம்.

வழி: எங்கே வைத்துப் பார்ப்பது?

முதல் வழி வீடு. நடமாட்டம் உள்ளவரை வீடுதான் நல்லது. பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் ஆள் வேண்டும். இங்கே ஆயா சென்டர்கள் உண்டு. 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஆள் அனுப்புவார்கள். ஒரு ஷிஃப்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,000. இரவும் பகலும் என்றால் 24,000. நம்மில் யாரால் முடியும்? ஆகவே குடும்பத்தார் உட்கார்ந்து, எந்த நேரத்துக்கு ஆள் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும், துணி மாற்றவும் காலையில் சில மணி நேரம் ஆள் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். மிச்ச நேரம் வீட்டார் முறை வைத்துப் பார்க்க வேண்டும். முறை என்றால் ஆண்களுக்கும் முறை. அம்மாவுக்கு பெட்பேன் வைப்பதில் மகனுக்கு என்ன கௌரவக் குறைவு? இரவு ஷிஃப்ட் செய்து பழகியவர்கள்தானே நாம்!

ஆயாவும் ஒரு தொழிலாளிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். கூலியை இழுத்தடிக்காதீர்கள். சென்டர் எவ்வளவு கமிஷன் பிடிக்கிறது, அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது வழி இலவச இல்லம். ஏழை முதியோரின் சிறு சகோதரிகள் என்ற கன்னியர் சபை 1882-லேயே கல்கத்தாவுக்கு வந்து முதியோர் இல்லம் தொடங்கியது. லோயர் சர்க்குலர் ரோடு என்று நாம் இன்னும் சொல்லும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கிறது. சாதி மதம் பார்க்காமல் ஏழை முதியோரை ஏற்கிறார்கள். காளிகாட்டில் 1952-ல் அன்னை தெரசா தொடங்கிய நிர்மல் ஹ்ருதய், கேட்பாரற்று இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கானது. குடும்பம் உள்ளவரைக் கொண்டுபோய் விடும் இடமாக அதை நினைக்கக் கூடாது.

மூன்றாவது வழி கட்டணம் வாங்கும் இல்லம். கல்கத்தாவைச் சுற்றி இப்போது நிறைய வந்துவிட்டன. போர்டைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பணம் எவ்வளவு, அது திரும்பி வருமா? மாதக் கட்டணத்தில் மருந்தும் டயப்பரும் அடங்குமா? ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்? படுத்த படுக்கையானால் வைத்திருப்பார்களா, அழைத்துப் போகச் சொல்வார்களா? இரவில் நர்ஸ் உண்டா? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் பெரியவர்களுக்கு நகம் வெட்டியிருக்கிறதா, படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு சொல்லாததை அது சொல்லும்.

இங்கே நமக்கு ஒரு கூடுதல் கேள்வி உண்டு. மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவும். தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வருஷம் கடையில் வங்காளியும் இந்தியும் பேசிய பாட்டி, ஒருநாள் தமிழ் மட்டும் பேசத் தொடங்குவாள். 'தண்ணி' என்று அவள் கேட்பது புரியாத இடத்தில் அவளை விட்டால், தாகத்தோடு கிடப்பாள். தமிழ் தெரிந்தவர் ஒருவராவது வாரம் இருமுறை போய்ப் பேச ஏற்பாடு இல்லாமல் நம் பெரியவர்களை எந்த இல்லத்திலும் சேர்க்கக் கூடாது. இல்லத்துக்காரர் கையில் பத்துத் தமிழ்ச் சொற்களை வங்காளி எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: தண்ணீர், வலி, குளிர், பசி, வெளிக்குப் போக வேண்டும்.

நான்காவது, ஊரிலேயே இருக்கும் பெற்றோர். பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. படுக்கையிலிருப்போருக்கு நோய்த் தணிப்பு மருத்துவமும் அதில் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றோரின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரிடம் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் 2021 முதல் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இதே யோசனை வேண்டும். 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. அது தொடங்கியபோது மேற்கு வங்கம் அதில் சேரவில்லை. இங்கே 2016-ல் வந்த ஸ்வாஸ்த்ய சாத்தி தனியாக நடந்தது. பெரியவரை ஊருக்கும் இங்குமாக மாற்றும்போது எந்த அட்டை எங்கே செல்லும் என்று விசாரித்த பிறகே டிக்கெட் எடுங்கள். இந்த அட்டைகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். வீட்டு ஆயாவுக்கும் முதியோர் இல்லக் கட்டணத்துக்கும் இவற்றில் ஒரு பைசா கிடையாது.

சட்டம்: பார்க்க மறுத்தால்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தன் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர், வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி மீது மனு கொடுக்கலாம். மகளுக்கும் சம பொறுப்பு. பிள்ளையில்லாத முதியவர், தன் சொத்தை அடையப்போகும் உறவினர் மீது கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. தலைமையிலும், இங்கே எஸ்.டி.ஓ. தலைமையிலும் தீர்ப்பாயம் நடக்கிறது. நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும். கூடினால் இன்னும் 30 நாள். ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்.

நமக்கு மிக முக்கியமானது இது: பெற்றோர் இருக்கும் ஜில்லாவிலும் மனு கொடுக்கலாம், பிள்ளை இருக்கும் ஜில்லாவிலும் கொடுக்கலாம். பெரியவருக்கு நடக்க முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த பதிவு பெற்ற சங்கம் அவருக்காக மனு செய்யலாம். மகனை ஜெயிலுக்கு அனுப்ப எந்தத் தாயும் விரும்பமாட்டாள். பெரும்பாலும் சங்கத்தார் நான்கு பேர் போய்ப் பேசினாலே தீரும். தீராதபோது சட்டம் கையில் இருக்க வேண்டும்.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பெரியவர்களே, கவனியுங்கள்! என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை அதை மீறினால், 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்தது என்பது நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்கு ஆதரவாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று கூறிப் பத்திரத்தை ரத்து செய்தது. ஆகவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் உயிரோடு இருக்கும்வரை எழுதிக் கொடுக்காமல் உயில் எழுதி வையுங்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உண்மையாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை அந்த ஒரு வரிக்குக் கோபித்துக்கொள்ளமாட்டான்.

சங்கம் செய்ய வேண்டியது

இத்தனையும் சொன்ன பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. 1,000 ரூபாய் பென்ஷனில் எந்த வழியும் கட்டுப்படியாகாது. ஜெர்மனியில் 1995-லும் ஜப்பானில் 2000-லும் முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்புறுதி வைத்தார்கள். உழைக்கும் காலத்தில் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள்; படுத்தால் ஆள் வருகிறது. சிங்கப்பூர் 1995-ல் பெற்றோரைப் பராமரிக்கச் சட்டம் போட்டது. 2020-ல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியும் கொண்டுவந்தது. பிள்ளைக்குக் கடமை சொன்ன அரசு தன் கடமையையும் ஏற்றது. இங்கே பிள்ளைக்குச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு முதியோர் இல்லம் என்பதை மட்டும் அதே சட்டம் 'அமைக்கலாம்' என்று மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அந்த 'லாம்' 'வேண்டும்' ஆக மாற வேண்டும். பி.எஃப். பென்ஷன் உயர வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாய் உயர வேண்டும். வீட்டில் படுத்திருப்பவருக்குப் பராமரிப்புப் படி வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க முடியாது. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் வலி நிவாரண சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அந்த வேலை அக்கம்பக்கத்தார் கைக்கு வந்து, சிறு நன்கொடையிலும் தொண்டர் உழைப்பிலும் ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் கேரள அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அங்கே சாதாரண மனிதர்கள் செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது?

எங்கள் யோசனை இது. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். 200 வீடு சேர்ந்தால் மாதம் 4,000. அதில் சக்கர நாற்காலி, வாக்கர், கம்மோட் நாற்காலி, காற்று மெத்தை வாங்கிச் சங்கத்தில் வைப்போம். தேவைப்படும் வீடு எடுத்துப்போய், தேவை முடிந்ததும் கழுவித் திருப்பித் தரட்டும். ஞாயிறு தோறும் காலையில் பென்ஷன் காகிதம் பார்க்க இரண்டு பேர் உட்காருவோம். பாஸ்புக், ஆணை, ஆதார் மூன்றையும் கொண்டு வாருங்கள். படுத்திருப்பவர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை இளைஞர் ஒருவர் போய் இரண்டு மணி நேரம் இருக்கட்டும்; அந்த இரண்டு மணி நேரம் வீட்டுப் பெண் வெளியே போய் மூச்சு விடட்டும்.

1974 மே வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் இன்று எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும் என்று தெரிந்தும் நின்றார்கள். அவர்கள் நின்றதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். அவர்களில் ஒருவர்கூடத் தண்ணீருக்குத் தவிக்கும் நிலை கார்டன் ரீச்சில் வரக் கூடாது. 20 ரூபாய்த் தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. பெண்களும் கை தூக்கட்டும். இதில் அவர்கள் ஓட்டுத்தான் முதல் ஓட்டு.